பார்கவியம்மாவுக்கு வாயடைத்த கதை

மருமகள் விஷம் கலந்த பாயசத்தை நீட்டுகிறாள். மாமியார் பார்கவியம்மா நெஞ்சில் கை வைத்து, மேலே பார்த்து, "பகவானே" என்று அலற வேண்டும். திரையில் "ஹகவானே" என்று வந்தது.

பாசுரன் அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் ஹகவான்தான் வந்தார்.

குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கீபோர்டில் பி (B) எழுத்து இருந்த இடத்தில் சதுரமாக ஒரு குழி. பட்டனைக் காணோம். பட்டனுக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் மொட்டையும் காணோம். குழிக்குள் பேனா முனையால் குத்திப் பார்த்தார். லேப்டாப் ஒரு முறை முனகியதோடு சரி.

'கண்ணீர்க்கடவு' என்ற டிவி சீரியலுக்குக் கதை, வசனம் பாசுரன்தான். ஆங்கில எழுத்தில் தட்டுவார், திரையில் மலையாளமாக விழும். தமிழ்க்காரர்கள் ஒரே ஒரு 'ப'வை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திவிடுகிறார்கள். மலையாளத்துக்கு நாலு வேண்டும். அதில் கனமான இரண்டுக்கும் இந்த பி இல்லாமல் முடியாது. பகவானுக்கு பி-யும் எச்-சும் சேர்த்துத் தட்ட வேண்டும்; பி போனால் எச் மட்டும் நின்று ஹகவான் ஆகிவிடுவார். கணவன் என்றால் பர்த்தாவு, மனைவி என்றால் பார்யா, உறவு என்றால் பந்தம், கடவுள் என்றால் பகவான். இந்த நாலும் இல்லாமல் சீரியல் எழுதுவது தேங்காய் இல்லாமல் அவியல் வைப்பது மாதிரி. போதாததற்கு, மாமியார் பெயர் பார்கவி. எழுதுகிறவர் பெயரே பாசுரன்.

"லதிகா, இங்க ஒரு பட்டன் கிடந்துதா?"

"சட்டை பட்டனா?" அடுக்களையிலிருந்து மனைவியின் குரல்.

"லேப்டாப் பட்டன். பி."

லதிகா துடைப்பத்தோடு வந்தாள். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் என்று ஒரு மூலை விடாமல் இரண்டு பேரும் தேடினார்கள். பட்டன் அகப்படவில்லை.

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்," என்றாள் லதிகா. "பழைய சாமான் சேட்டா. என் அண்ணன் தோஹாவுக்குப் போறப்ப, வேண்டாம்னு விட்டுட்டுப் போனது. உதிரத் தொடங்கிட்டுது. புதுசு வாங்கப் போறீங்களா?"

"இப்பவா? விவரம் கெட்டவன்தான் இப்ப வாங்குவான். ஓணத்துக்கு முன்னால புது சிப் வருது. அது வந்தா இப்ப இருக்கறதெல்லாம் குப்பை."

"அப்ப வாங்கலை."

"கொஞ்சம் பொறுப்போம்."

"பொறுங்க," என்று சொல்லிவிட்டு லதிகா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி போன மாதிரி இருந்தது.

பாசுரன் லேப்டாப் வாங்கப் போகிறவராக இருந்து பல ஓணங்கள் ஆகிவிட்டன. வாங்குவதைத் தவிர அந்த விஷயத்தில் எல்லாம் அவருக்குத் தெரியும். எந்தக் கம்பெனி மூடியின் கீல் சீக்கிரம் ஆடும், எது மடியில் வைத்தால் சுடும், எதன் பேட்டரி எத்தனை மாதத்தில் உப்பும் என்றெல்லாம் கைபேசியில் பார்த்துப் பார்த்து மனப்பாடம். கைபேசியிலேயே வசனம் எழுதலாமே என்று ஒரு உதவி இயக்குநர் கேட்டான். எழுதலாம்தான். ஆனால் அது எந்நேரமும் லேப்டாப் விமர்சனம் ஓடியே சூடாகிக் கிடந்தது.

இத்தனைக்கும் அவர் கஞ்சன் இல்லை. வாங்கின மறுநாள் அதைவிட நல்லது வந்துவிட்டால் என்ன செய்வது என்ற ஒரே பயம்தான். லதிகாவைப் பெண் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லவே ஒரு மழைக்காலத்தைக் கடத்தியவர். "அடுத்த மாடல் வருதான்னு பாத்திருப்பாரு," என்று அவள் இன்றும் தங்கையிடம் சொல்வாள். அது முழுப் பொய் என்று பாசுரனால் சொல்ல முடிந்ததில்லை.

முதலில், இருப்பதை வைத்து ஓட்டலாம் என்று நினைத்தார். பி இல்லாவிட்டால் என்ன, 'ஹார்யா' என்று எழுதினால் பார்யா என்று புரிந்துகொள்ள மாட்டார்களா? புரிந்துகொள்ளவில்லை. இளைய மகனாக நடிக்கப் புதிதாக வந்திருந்த பையன், கொடுத்த காகிதத்தில் இருந்தபடியே, கதவை உதைத்துத் திறந்து, "என் ஹார்யா எங்கே?" என்று கேட்டான். அது அப்படியே ஒளிபரப்பானது. முடிவில் பெயர் போடும்போது 'வசனம்: ஹாசுரன்' என்று வந்தது. ஆற்றிங்கலிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"ஏன்டா, ஜோசியர் யாராவது பேரை மாத்தச் சொன்னாரா?"

"இல்லக்கா, ஒரு பட்டன் போயிடுச்சு."

"பட்டன் போனா தைச்சுக்கணும். பேரையா மாத்துவாங்க?"

பிறகு பாசுரன் வேறு வழி கண்டுபிடித்தார். பழைய வசனத்திலிருந்து பர்த்தாவு என்ற சொல்லை முழுசாக நகலெடுத்து வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்திலெல்லாம் ஒட்டினார். வேலை சுலபமாக ஓடியது. தன் மூளையை நினைத்து அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. இதற்காகப் போய் லேப்டாப் வாங்குவார்களா என்று லதிகாவிடம்கூடச் சொன்னார்.

நடுவில் லதிகா ஆபீஸிலிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பினாள். அதை லேப்டாப்பிலேயே நகலெடுத்து மீன்காரருக்கு அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து காட்சியைத் தொடர்ந்தார். திரையைப் பார்க்காமல் தட்டுவது அவர் வழக்கம். அதிலும் ஒரு பெருமை உண்டு.

கணவனின் படத்துக்கு முன்னால் பார்கவியம்மா நின்று அழும் காட்சி அது. பார்கவியம்மாவாக நடிக்கும் சுலோசனச் சேச்சி நாடக மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை பேசிப் பழகியவர். எழுத்தாளன் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்பது அவர் கொள்கை. இயக்குநருக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய தூக்கம். சேச்சி படத்தின் கண்ணாடியைத் தடவிக்கொண்டு, தொண்டை கரகரக்க, கண்ணீர் வழியச் சொன்னார்:

"என் அரைக் கிலோ மத்தியே, என்னைத் தனியாகத் தவிக்க விட்டுவிட்டு எங்கே போனீர்கள்?"

ஏழு மணிக்கு அது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் சாலைச் சந்தையில் மத்தி விற்கிறவர்கள் அந்த அழுகையைக் கைபேசியில் போட்டுக் கேட்டுக்கொண்டே விற்றார்கள். தயாரிப்பாளர் கோஷி கூப்பிட்டார். அவர் கோபப்பட்டால் குரல் தாழ்ந்துவிடும். அன்று மிகவும் தாழ்ந்திருந்தது.

"பாசுரா, உனக்கு மீன் வேணும்னா என்கிட்ட கேளு. வீட்டுக்கு அனுப்பி வைக்கறேன். பார்கவியம்மா புருஷன்கிட்ட கேக்காதே. அவன் செத்து ரொம்ப நாளாச்சு."

"சார், அது லேப்டாப்ல ஒரு..."

"புதுசு வாங்கு."

"வாங்கிடலாம் சார். ஓணத்துக்கு முன்னால ஒரு சிப்பு..."

கோஷி வைத்துவிட்டார்.

பாசுரன் சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் அதே மத்தி. லதிகா இன்னொரு துண்டை வைத்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னாள். "எனக்குத் தோணறதைச் சொல்றேன். பகவானே, பந்தமேன்னு எல்லாத்தையும் அந்தப் பார்கவியம்மா ஒருத்திதானே பேசறா? அவ வாயைக் கொஞ்ச நாள் மூடி வையுங்களேன். பாதி பி மிச்சம்."

"உனக்குக் கதை தெரியாது லதிகா. மாமியார் பேசாத சீரியலை எவன் பார்ப்பான்?"

கை கழுவிக்கொண்டிருக்கும்போது அது அவருடைய சொந்த யோசனையாக மாறிவிட்டது.

அடுத்த வாரம் பார்கவியம்மா முற்றத்தில் மருமகளைத் திட்டிக்கொண்டிருக்கும்போது மரத்திலிருந்து ஒரு தேங்காய் விழுந்தது. உயிர் பிழைத்தாள். பேச்சு போய்விட்டது. கட்டிலில் சாய்ந்தபடி கண்ணை மட்டும் உருட்டினாள். பாயசத்தில் விஷம் வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் சொல்ல முடியாது. கேரளம் முழுவதும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ரேட்டிங் ஏறியது. கோஷி ஒரு சீப்பு நேந்திரம்பழம் கொடுத்தனுப்பினார். ஒரு வாரப் பத்திரிகை பேட்டி கேட்டபோது, மௌனத்தைவிட வலிமையான வசனம் கிடையாது என்று பாசுரன் சொன்னார். சொல்லும்போது அவர் விரல் அந்தக் குழியைத்தான் தடவிக்கொண்டிருந்தது.

பெருமை வட்டியூர்க்காவில் படப்பிடிப்பு நடக்கும் வீட்டுக்குப் போகும்வரைதான் இருந்தது. முன்பெல்லாம் சுலோசனச் சேச்சியின் பேச்சும் சிரிப்பும் தெருமுனையிலேயே கேட்கும். அன்று சேச்சி பலாமரத்தடியில் நாற்காலி போட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"சேச்சி, சுகமா?"

சேச்சி அவரை ஏறிட்டுப் பார்த்தார். கை கூப்பினார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கேமரா அணைஞ்ச பிறகும் வாயைத் தொறக்கறதில்லை சார்," என்று மேக்கப் போடும் பெண் காதோரம் சொன்னாள். "சாயா வேணும்னாக்கூட ஜாடைதான். பாவம், மனசு விட்டுப்போச்சு போல."

பாசுரன் வீட்டுக்கு வந்து கைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தார். சேச்சி எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

"லதிகா, நான் பாவம் பண்ணிட்டேன். அந்த அம்மாவுக்கு இருக்கற சொத்தே குரல்தான். ஒரு பட்டனுக்காக அதைப் பிடுங்கிட்டேன்."

"அப்ப லேப்டாப்பை வாங்கிடுங்க," என்றாள் லதிகா, பயறு நறுக்கிக்கொண்டே.

பாசுரன் தலையைச் சொறிந்தார். "சிப்பு வந்துடுச்சுதான். ஆனா சூடாகுதுன்னு சொல்றாங்க. அதைச் சரிபண்ணி இன்னொண்ணு வருதாம். தவிர, ஓணத்துக்கு விலை குறையும்."

"அப்ப ஓணம் வரட்டும்," என்றாள் லதிகா. தன்னை இவ்வளவு புரிந்துகொண்ட மனைவி யாருக்கு வாய்ப்பாள் என்று பாசுரனுக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

ஓணம் வந்தது. கிழக்கேகோட்டையில் அவர் வழக்கமாகப் போய் வாங்காமல் வரும் கடையில் பூக்கோலம் போட்டு, மாவேலி ராஜா வேஷம் கட்டிய ஒருவரை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே கடைக்காரன் ஷிஹாபுதீன் இவரைப் பார்த்ததும் ஒரு சாயா சொன்னான். எத்தனையோ சாயா குடித்த கடை. புதிதாக வருகிறவர்கள் பாசுரனைக் கடைக்காரர் என்றே நினைப்பார்கள். அன்றும் ஒரு குடும்பம் அவரிடம் வந்து, மகளுக்கு இதை வாங்கலாமா என்று கேட்டது. மகள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதுதான்," என்றார் பாசுரன். "ஆனா ஓணம் முடிஞ்சா மிச்சம் இருக்கறதை இன்னும் குறைச்சுத் தள்ளுவான். அதுக்குள்ள இதுல புதுசும் வந்துடும். கொஞ்சம் பொறுத்தா..."

தகப்பன் மகள் கையிலிருந்து பெட்டியை வாங்கி மேஜைமேல் வைத்தான். குடும்பம் வெளியே போயிற்று. மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

ஷிஹாபுதீன் கை கூப்பினான். "சார், நீங்க வாங்க வேண்டாம். அது உங்க இஷ்டம். வர்றவங்களையாவது விட்டுடுங்க. எனக்கும் ஓணம்தான்."

பாசுரன் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார். ஓணம் முடிந்தது. மிச்சம் எதையும் குறைத்துத் தள்ளவில்லை. மிச்சமே இல்லையாம்.

அந்த வாரம்தான் கோஷி அவரை ஆபீஸுக்கு அழைத்தார். முகத்தில் புது உற்சாகம்.

"பாசுரா, பேசாம கிடந்ததுக்கே இவ்வளவு ரேட்டிங். செத்தா?"

"யார் சார்?"

"பார்கவியம்மாதான். திங்கக்கிழமை முடிச்சுடு. செவ்வாய் தகனம். அப்புறம் அஸ்தி, பதினாறுன்னு ரெண்டு வாரம் ஓட்டலாம். பேசாத ஆளுக்கு எதுக்கு தினம் கார் அனுப்பணும்? போட்டோவுக்கு மாலை போட்டா அதுவும் நடிக்கும்."

பாசுரனுக்குப் பலாமரத்தடியில் கூப்பிய கைகள் கண்முன் வந்து நின்றன. அந்த வயதில் இந்த சீரியல் போனால் சேச்சிக்கு அடுத்த சீரியலை யார் தரப்போகிறார்கள்?

"சார், அவ பேசப் போறா," என்றார். தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவருக்கே சந்தேகம். "திங்கக்கிழமை அவ வாயைத் தொறக்கறா. இத்தனை நாள் அடக்கி வெச்சது மொத்தமும் வெளில வரப்போகுது. செத்தவளைவிட எழுந்தவளைப் பார்க்கத்தான் சார் கூட்டம் வரும்."

கோஷி யோசித்தார். "நல்லா இருந்தா சரி. இல்லேன்னா மாலை ரெடியா இருக்கும்."

பாசுரன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். பார்கவியம்மா வாயைத் திறந்து சொல்லும் முதல் வாக்கியம். பி இல்லாமல் எழுதிப் பார்த்தார். பகவானுக்குப் பதில் ஈஸ்வரன். பர்த்தாவுக்குப் பதில் சேட்டன். பந்தத்துக்குப் பதில் எதுவும் கிடைக்கவில்லை. படித்துப் பார்த்தால் வாடகைக்குக் கூட்டிவந்த மாமியார் பேசுவதுபோல இருந்தது. இதைக் கேட்டால் கோஷி மாலையோடு தானே வந்துவிடுவார்.

செருப்பை மாட்டிக்கொண்டு கிழக்கேகோட்டைக்கு ஓடினார்.

"ஷிஹாபே, ஒரு லேப்டாப் எடு."

"சாயா சொல்லட்டுமா சார்?"

"சாயா வேண்டாம். லேப்டாப்."

ஷிஹாபுதீன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். "சார், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? வீட்டுல எல்லாரும் சுகம்தானே? நான் வேணா உண்மையைச் சொல்லிடறேன். செவ்வாய்க்கிழமை புது சரக்கு வருது. நீங்க சொன்னீங்களே, சூடு குறைஞ்சது, அதுதான். மூணே நாள் பொறுத்தீங்கன்னா..."

பாசுரன் எத்தனை காலம் காத்திருந்த செய்தி. மூன்றே நாள். கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. அப்போது எதிர்ப் பூக்கடையில் ஒருவர் பெரிய மாலை ஒன்றைத் தூக்கிப் பிடித்து நீளம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பில்லைப் போடு," என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார் பாசுரன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது லதிகா கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"வாங்கிட்டீங்களா? நிஜமாவா? இன்னைக்கேவா?"

"வாங்கிட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்று கைபேசியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். கணவன் காசு செலவழித்த அதிர்ச்சி என்று பாசுரன் நினைத்துக்கொண்டார்.

புது லேப்டாப்பில் பி இருந்தது. முதல் வரி முழுக்க அதையே அடித்தார். பகவானும் பர்த்தாவும் பந்தமும் ஊரிலிருந்து திரும்பி வந்த சொந்தக்காரர்கள் மாதிரி வந்து உட்கார்ந்தார்கள். எழுந்திருக்காமல் எழுதினார். வந்த வேகத்தில் அவர் கண்ணே நனைந்தது.

திங்கட்கிழமை பார்கவியம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். பாயசக் கிண்ணத்தோடு வந்த மருமகளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். குரல் வெண்கல மணி மாதிரி வந்தது. பழைய கரகரப்புகூட இல்லை. நிறுத்தாமல், ஒரே மூச்சில், மூன்று பக்கம். மருமகளாக நடித்த பெண் நிஜமாகவே கிண்ணத்தைக் கீழே போட்டாள். தூங்கிக்கொண்டிருந்த இயக்குநர் எழுந்து நின்றார். கோஷி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாங்கி வைத்திருந்த மாலையைப் பூஜை அறைப் படத்துக்குப் போடச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுலோசனச் சேச்சி ஒரு டப்பா நிறைய உண்ணியப்பத்தோடு வீட்டுக்கு வந்தார். லதிகா பழவங்காடிக் கோயிலுக்குப் போயிருந்தாள். சேச்சி உட்காருவதற்குள் பாசுரன் பேச ஆரம்பித்துவிட்டார். மனதில் இருந்ததை இறக்கி வைக்காமல் முடியவில்லை.

"சேச்சி, நீங்க என்னை மன்னிக்கணும். உங்க வாயை அடைச்சது கதைக்காக இல்லை. மௌனம், வலிமைன்னு பேட்டியில சொன்னதெல்லாம் பொய். என் பழைய லேப்டாப்ல பி பட்டன் போயிடுச்சு. புதுசு வாங்க மனசு வரலை. அவ்வளவுதான். அதுக்காக உங்களை மாசக்கணக்கா ஊமையாக்கிட்டேன். நீங்க என்கூடப் பேசாம இருந்தது நியாயம்தான்."

சேச்சி சிரித்தார். தெருமுனைவரை கேட்கிற பழைய சிரிப்பு.

"மோனே, நான் யார்கூடவுமே பேசலையே. மழை தொடங்கின சமயத்துல தொண்டையில கட்டின்னு டாக்டர் சொல்லிட்டாரு. வாயே தொறக்காம இருந்தா தானா கரைஞ்சுடும், இல்லேன்னா குரலே போயிடும்னாரு. கோஷிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வேற ஆளைப் போட்டிருப்பான். உன்கிட்ட சொல்லலாம்னா, உன் வாய்ல எதுவும் நிக்காதுன்னு கோயில்ல பார்த்தப்ப லதிகா சொன்னா."

"லதிகாவா?"

சேச்சி டப்பாவைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார். "பார்கவியம்மா வாயை அடைக்க, அந்தப் பட்டனைப் பிடுங்கினதே அவதானே. மறுநாளே நீ புதுசு வாங்கிட்டா என்னடி பண்றதுன்னு நான் பயந்தேன். 'நீங்க நிம்மதியா இருங்க சேச்சி, அந்த மனுஷன் ஒரு முடிவுக்கு வர்றதுக்குள்ள உங்க தொண்டை ஆறிடும்'னா."